ஜிடி அண்ட் டி: டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு மெஷின் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் டிப்ளமோ பிள்ளைகள், லேத்திலும் விஎம்சியிலும் நிற்கிற அண்ணன்மார்கள், சில சமயம் டிசைன் பக்கத்து ஆட்கள் என்று எல்லோரும் ஜிடி அண்ட் டி (ஜியாமெட்ரிக் டைமென்ஷனிங் அண்ட் டாலரன்சிங்) பற்றிச் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

முடிந்தவரை ஒரே ஜாபை வைத்துப் பேசுகிறேன். பம்ப் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான மோட்டார் ஃபிளேஞ்ச் அது. வெளி டயா 200 மி.மீ., நடுவில் 3.5 மி.மீ. உயரத்துக்கு 130 டயா ஸ்பிகாட் (எதிர் ஜாபுக்குள் இறங்கி மையம் பிடிக்கும் வட்ட மேடு), 165 பிசிடியில் (துளை மையங்கள் வழியே போகும் வட்டத்தின் டயா) நான்கு 12 மி.மீ. துளைகள். துளை வழியாக எம்10 போல்ட் போய் எதிர் பக்கத்து பிராக்கெட்டில் ஏறும்.

சார், ப்ளஸ் மைனஸ் போட்டாலே அளவு தெரிஞ்சிடுதே, அப்புறம் எதுக்கு இந்த ஜிடி அண்ட் டி?

ப்ளஸ் மைனஸ், சைஸைச் சொல்வதற்கு நல்ல முறை. துளை 12.0-இலிருந்து 12.4 வரை இருக்கலாம் என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் அந்தத் துளை எங்கே இருக்க வேண்டும், எதிலிருந்து அளக்க வேண்டும், முகம் எவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும், ஸ்பிகாட் முகத்துக்கு எவ்வளவு நேராக நிற்க வேண்டும் என்பதை ப்ளஸ் மைனஸால் சரியாகச் சொல்ல முடியாது. ஒருவர் வெளி டயாவிலிருந்து அளப்பார், இன்னொருவர் ஸ்பிகாட்டிலிருந்து அளப்பார். இரண்டு பேரும் டிராயிங் படிதான் அளந்தேன் என்பார்கள், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

ஜிடி அண்ட் டி அந்த இடைவெளியை அடைக்கிறது. வடிவம், சாய்வு, இருப்பிடம், ரன்அவுட் (சுழற்றும்போது தெரியும் ஆட்டம்), இவற்றுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம், எதை அடிப்படையாக வைத்து அளக்க வேண்டும் என்று குறியீட்டால் சொல்லிவிடுகிறது.

இதை யார் சார் ஆரம்பிச்சது?

ஸ்டான்லி பார்க்கர் என்பவரைச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரில் இருந்த டார்பிடோ தொழிற்சாலையில் வேலை செய்தவர். ப்ளஸ் மைனஸ் படி ரிஜெக்ட் ஆன பாகங்கள் அசெம்பிளியில் ஒழுங்காகப் பொருந்துவதைப் பார்த்து, துளைக்குச் சதுர இடத்தைவிட வட்ட இடம்தான் நியாயம் என்று சொன்னார். 1940 வாக்கில் அது அச்சில் வந்தது. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது கீழே பொசிஷன் கணக்கில் புரியும்.

அந்தக் கட்டம் கட்டமா இருக்கிற பெட்டியை எப்படிப் படிக்கிறது?

இடமிருந்து வலமாக ஒரு வாக்கியம் போலப் படியுங்கள். முதல் கட்டத்தில் குறியீடு, எதைக் கட்டுப்படுத்துகிறோம் என்பது. இரண்டாவதில் டாலரன்ஸ், அதாவது அனுமதிக்கிற விலகலின் அளவு. அதற்கு முன்னால் டயா குறி இருந்தால் இடம் வட்டம் அல்லது உருளை. இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டு தளங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி. அதன் பிறகு டேட்டம் (அளக்க அடிப்படையாக எடுக்கும் பகுதி) எழுத்துகள், முக்கியத்துவ வரிசையில்.

நம் ஃபிளேஞ்சின் துளைகளுக்கு "பொசிஷன், டயா 0.5, ஏ, பி" என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ என்பது முகம், பி என்பது ஸ்பிகாட். "முகத்தை உட்கார வைத்து, ஸ்பிகாட்டை மையப்படுத்தி, ஒவ்வொரு துளையின் அச்சும் அதற்குரிய சரியான இடத்தைச் சுற்றி 0.5 மி.மீ. டயா உருளைக்குள் இருக்க வேண்டும்." அவ்வளவுதான். டேட்டம் வரிசையோடு சேர்த்து வாய்விட்டு இப்படி ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

165-ஐச் சுத்தி ஒரு பெட்டி போட்டிருக்கு. அதுக்கு டைட்டில் பிளாக்ல இருக்கிற ப்ளஸ் மைனஸ் 0.2 எடுத்துக்கலாமா?

கூடாது. பெட்டிக்குள் இருக்கிற அளவு, துளை இருக்க வேண்டிய சரியான இடத்தைக் காட்டுகிறது. அந்த எண்ணுக்கென்று தனி டாலரன்ஸ் கிடையாது. எவ்வளவு விலகலாம் என்பதைப் பொசிஷன் கட்டம் சொல்லிவிட்டது. டைட்டில் பிளாக்கில் (டிராயிங் மூலையில் உள்ள பொது விவரக் கட்டத்தில்) இருக்கிற டாலரன்ஸையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே விஷயத்துக்கு இரண்டு சட்டம் ஆகிவிடும். ரிப்போர்ட்டில் 165.12 என்று எழுதி ஓகே போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வரியே ரிப்போர்ட்டில் இருக்க வேண்டியதில்லை.

டேட்டம்னா ரெஃபரன்ஸ் தானேண்ணா? எங்க பிடிச்சு ஓட்டினா என்ன, அளவு வந்தா சரி தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவு செய்கிறேன். டேட்டம் என்பது அந்த ஜாப் வேலை செய்யும்போது எதன் மேல் உட்காருகிறது, எதனால் மையம் பிடிக்கிறது என்பதைச் சொல்கிறது. மோட்டார் பம்ப்போடு சேரும்போது முகம் முகத்தில் உட்காரும், ஸ்பிகாட் உள்ளே இறங்கி மையம் பிடிக்கும். 200 டயா விளிம்பு எதையும் தொடாது. அதனால்தான் டிசைனர் விளிம்பை விட்டுவிட்டு முகத்துக்கும் ஸ்பிகாட்டுக்கும் எழுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஒரு தடவை எங்களுக்கு வெளியில் துளை போட்டு வந்த ஒரு லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆனது. வெளி டயாவைப் பிடித்துத் துளை போட்டிருந்தார்கள். விளிம்பிலிருந்து அளந்தால் நான்கு துளையும் அச்சு அசலாக இருந்தது. ஆனால் ஸ்பிகாட்டுக்கும் விளிம்புக்கும் மையம் 0.6 மி.மீ. தள்ளியிருந்தது. மெஷினில் நின்றவர் நல்ல வேலைக்காரர், கையில் எந்தக் குறையும் இல்லை. டிராயிங்கில் பி எங்கே ஒட்டியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. முடிந்தவரை ஃபிக்சரும் டேட்டத்தையே பிடிக்கட்டும். முடியாத இடத்தில், பிடித்த இடத்துக்கும் டேட்டத்துக்கும் உள்ள பிழை மொத்தக் கணக்கில் சேரும் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

ஏ, பி ரெண்டு தான் இருக்கு. சி எங்க? டிராயிங்ல விட்டுட்டாங்களா?

விடவில்லை. ஒரு ஜாப் வெட்டவெளியில் ஆறு விதமாக அசைய முடியும்: மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் திரும்பலாம். முகம் உட்கார்ந்ததும் ஒரு நகர்வும் இரண்டு திரும்பலும் நின்றுவிடும். ஸ்பிகாட் மையம் பிடித்ததும் மீதி இரண்டு நகர்வுகளும் நின்றுவிடும். மிச்சம் இருப்பது தன் அச்சிலேயே சுழலுவது மட்டும். நான்கு துளைகளும் சம இடைவெளியில் இருக்கிற ஜாபில் அது எப்படிச் சுழன்றால் என்ன? டெர்மினல் பாக்ஸ் ஒரு குறிப்பிட்ட பக்கம் வர வேண்டும் என்றால் அப்போதுதான் சி தேவைப்படும்.

வரிசையும் காரணத்தோடுதான் இருக்கிறது. ஸ்பிகாட் உயரம் வெறும் 3.5 மி.மீ. அதன் அச்சை முதல் டேட்டமாக எடுத்தால், அவ்வளவு குட்டையான உருளையை வைத்துக்கொண்டு முழு ஜாபின் சாய்வையும் தீர்மானிக்க வேண்டியிருக்கும். இரண்டு மைக்ரான் பிழை வெளி விளிம்பில் பல மடங்காகும். அகலமான முகம் முதலில், குட்டையான ஸ்பிகாட் இரண்டாவது. நீளமான ஷாஃப்டாக இருந்தால் இது தலைகீழாகும். அச்சு முதலில், தோள் முகம் பிறகு.

எக்ஸ்ல 0.15, ஒய்ல 0.20 தள்ளியிருக்கு. டாலரன்ஸ் 0.5. பாஸா, ஃபெயிலா?

பாஸ், சரியாக எல்லையில். 0.15-இன் வர்க்கமும் 0.20-இன் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.25. துளையின் மையம் சரியான இடத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. டாலரன்ஸ் டயா அளவில் கொடுக்கப்பட்டிருப்பதால் இதை இரண்டால் பெருக்க வேண்டும், 0.50. பெருக்க மறந்து 0.25 என்று எழுதுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகமாக நடக்கிற தவறு. அப்படி எழுதினால் உண்மையில் பொசிஷன் 0.8 வருகிற துளையும் 0.4 என்று காட்டிப் பாஸாகிவிடும்.

பார்க்கர் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. 0.5 டயா வட்டத்துக்குள் அடங்கும் சதுரத்தை ப்ளஸ் மைனஸாக எழுதினால் சுமார் ப்ளஸ் மைனஸ் 0.177 வரும். அந்த முறையில் 0.20 தள்ளிய நம் துளை ரிஜெக்ட். ஆனால் போல்ட்டுக்கு எக்ஸும் ஒய்யும் தெரியாது. மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. சதுரத்தின் மூலையில் இருக்கும் துளை அந்தத் தூரத்துக்குப் பாஸ் என்றால், அதே தூரத்தில் பக்கவாட்டில் இருக்கும் துளையும் பாஸாக வேண்டும். சதுரத்தைவிட வட்டத்தின் பரப்பு சுமார் 57 சதவீதம் அதிகம். வேலைக்கு ஆகிற ஜாபைத் தூக்கிப் போடாமல் இருப்பதற்கான இடம் அது.

டைட்டா போட்டா தானே குவாலிட்டி? 0.5-க்கு பதிலா 0.1 போட்டா என்ன சார்?

டிசைன் தம்பி ஒருவர் கேட்டது. போடலாம், ஆனால் ஒவ்வொரு ஜாபுக்கும் அதற்கான கூலியைக் கொடுக்க வேண்டும், கிடைக்கிற பயன் ஒன்றும் இல்லை. போல்ட் 10, துளை குறைந்தபட்சம் 12. நடுவில் 2 மி.மீ. இடைவெளி. பிராக்கெட்டில் துளைக்கு மரை போட்டிருந்தால் அந்த 2 மி.மீ.-ஐ இரண்டு ஜாபும் பங்கு போட்டுக்கொள்ளும், ஆளுக்கு 1 மி.மீ. டயா. இரண்டு பக்கமும் வெறும் துளை, பின்னால் நட் என்றால் ஒவ்வொன்றுக்கும் முழு 2 மி.மீ. கொடுக்கலாம். நம் 0.5 இதில் பாதுகாப்பாக எடுத்த எண். இந்த இடத்தில் பழக்கத்தில் ப்ளஸ் மைனஸ் 0.05 போட்டு வருகிற டிராயிங்குகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மரை போட்ட துளை சாய்ந்திருந்தால் போல்ட்டின் மேல் பகுதி இன்னும் அதிகமாகத் தள்ளும். அதனால் பிராக்கெட் டிராயிங்கில் டாலரன்ஸுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில P (டேட்டம் பி இல்லை) என்று போட்டு ஒரு உயரமும் கொடுப்பார்கள். டாலரன்ஸ் இடம் துளைக்குள் இல்லை, அதற்கு மேலே போல்ட் நிற்கிற உயரத்தில் என்று அர்த்தம். அங்கே அளக்க வேண்டுமானால் துளையில் ஒரு மரை பின்னை ஏற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை அளக்க வேண்டும்.

வட்டத்துக்குள்ள எம் போட்டா போனஸ் கிடைக்கும்னு சொல்றாங்களே, அது என்ன போனஸ்?

துளைக்கு 12.0 முதல் 12.4 என்று சைஸ், பொசிஷன் டயா 0.5, பக்கத்தில் வட்டத்துக்குள் எம். துளை மிகச் சிறியதாக, 12.0-ஆக இருக்கும்போதுதான் போல்ட்டுக்கு நெருக்கடி. அப்போது 0.5 மட்டும்தான். துளை 12.3 வந்துவிட்டால் போல்ட்டுக்கு 0.3 கூடுதல் இடம் இருக்கிறது, அந்த 0.3-ஐப் பொசிஷனில் சேர்த்துக்கொள்ளலாம், மொத்தம் 0.8. சலுகை எதுவும் இல்லை, போல்ட் ஏறும் என்பது கணக்கிலேயே தெரிகிறது.

கேஜ் செய்வதும் எளிது. 12.0-இலிருந்து 0.5 கழித்தால் 11.5. நான்கு 11.5 பின்களைச் சரியான இடத்தில் நிறுத்தி ஒரு கேஜ் செய்தால் போதும். ஏறினால் பொசிஷன் சரி. துளை சைஸை பிளக் கேஜால் தனியாகப் பார்த்துவிட வேண்டும். ஆனால் டவல் பின் இறுக்கமாக ஏறும் துளை, பேரிங் உட்காரும் போர் மாதிரி இடங்களில் எம் போடக் கூடாது. அங்கே இடைவெளி என்பதே கிடையாது, மையம்தான் முக்கியம்.

ஃப்ளாட்னஸ் பார்க்க ஜாபை சர்ஃபேஸ் பிளேட்ல வச்சு மேல டயல் ஓட்டினா போதுமா?

போதாது. நீங்கள் அப்படி அளப்பது மேல் முகத்துக்கும் அடி முகத்துக்கும் உள்ள பேரலலிசம் (இணைத்தன்மை). மேல் முகம் கண்ணாடி மாதிரி தட்டையாக இருந்தும், ஜாப் ஒரு பக்கம் 0.1 தடிமனாக இருந்தால் டயல் 0.1 காட்டும். நல்ல ஜாப் ரிஜெக்ட் ஆகிவிடும்.

ஃப்ளாட்னஸுக்கு (தட்டைத்தன்மைக்கு) டேட்டம் கிடையாது. ஜாபை மூன்று சின்ன ஜாக்குகள் மேல் நிறுத்துங்கள். மேல் முகத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி மூன்று புள்ளிகளில் டயல் ஒரே ரீடிங் காட்டும்வரை ஜாக்குகளைத் திருகுங்கள். அப்புறம் முழு முகத்திலும் டயலை ஓட்டி, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது டாலரன்ஸுக்குள் இருந்தால் கண்டிப்பாக ஓகே. கொஞ்சம் வெளியே போனால் உடனே ரிஜெக்ட் போடாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று புள்ளிகள் மோசமானவையாக இருக்கலாம். ஜாக்கைச் சற்று மாற்றிச் சரிசெய்தால் குறையலாம்.

பேரலலிசம் 0.05 குடுத்திருக்கு. ஃப்ளாட்னஸும் தனியா குடுக்கணுமா?

அந்த முகத்துக்கு 0.05-ஐவிடக் குறைவான ஃப்ளாட்னஸ் வேண்டும் என்றால் மட்டும். இணையான இரண்டு தளங்களுக்கு நடுவே 0.05-க்குள் அடங்கிய முகம் தானாகவே 0.05-க்குள் தட்டை. ஆனால் டேட்டமாக இருக்கும் எதிர் முகத்தின் தட்டைத்தன்மையை இது கட்டுப்படுத்தாது.

ஒரே ஜாப், நான் அளந்தா ஒண்ணு, ஷிஃப்ட் மாறி வர்றவர் அளந்தா ஒண்ணு. யார் தப்பு?

பல சமயம் இரண்டு பேர் மேலும் தப்பு இல்லை, டேட்டம் முகம் ஆடுகிறது. லேத் ஃபிக்சரில் எதிரெதிராக இரண்டு கிளாம்ப் மட்டும் போட்டுக் கடைந்த ஒரு ஃபிளேஞ்சை, ஸ்பிகாட் உள்ளே இறங்கும்படி கிரைண்ட் செய்த வளையத்தின் மேல் வைத்தேன். விளிம்பில் ஒரு விரலால் அழுத்தினால் டக் என்று ஒரு சத்தம். அதற்கு எதிர்ப் பக்கம் அழுத்தினால் மறுபடி டக். கிளாம்ப்பைத் தளர்த்தியதும் முகம் வளைந்து இரண்டு இடத்தில் மட்டும் மேடாகியிருந்தது. எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்கிறதோ அதற்கேற்ற ரீடிங்தான் வரும்.

அதனால் ஏ டேட்டத்துக்கு ஒரு ஃப்ளாட்னஸ் கொடுக்காத டிராயிங் அரைகுறை டிராயிங் என்றுதான் நான் சொல்வேன். அளக்கும் முன் அழுத்திப் பாருங்கள். டக் என்றால் மேலே சொன்ன மூன்று ஜாக் முறையில் முதலில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் துளைகளுக்குப் போங்கள்.

அம்புக்குறி டைமென்ஷன் கோட்டுக்கு நேரா இருக்கிறதுக்கும் தள்ளி இருக்கிறதுக்கும் வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. ஒரு ஷாஃப்டின் டயா டைமென்ஷன் கோட்டுக்கு நேராக டாலரன்ஸ் கட்டத்தின் அம்புக்குறி வந்தால் அச்சைச் சொல்கிறார்கள். தள்ளி நின்று மேற்பரப்பைத் தொட்டால் மேற்பரப்பைச் சொல்கிறார்கள். ஸ்ட்ரெய்ட்னஸ் 0.02 என்றால் முதல் வகையில் அச்சு நேராக இருக்க வேண்டும், இரண்டாவது வகையில் மேற்பரப்பின் ஒவ்வொரு கோடும் நேராக இருக்க வேண்டும். டேட்டம் முக்கோணத்துக்கும் இதே விதி. ஜெராக்ஸ் எடுத்த டிராயிங்கில் இது சரியாகத் தெரியாது, ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள்.

கான்சென்ட்ரிசிட்டி போட்டிருக்கு, நாங்க ரன்அவுட் பார்த்து குடுத்துட்டோம். ஒத்துக்குவாங்களா?

முதலில் டிராயிங் எந்த ஸ்டாண்டர்ட் என்று பாருங்கள். அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.5-இல் கான்சென்ட்ரிசிட்டி என்றால் எதிரெதிர்ப் புள்ளிகளின் நடுப்புள்ளிகளை எல்லாம் எடுத்துப் பார்க்க வேண்டும். நடைமுறையில் பெரிய தலைவலி. 2018 பதிப்பில் அதையும் சிமெட்ரியையும் நீக்கிவிட்டார்கள். 14 குறியீடுகள் 12 ஆயின. ஐ.எஸ்.ஓ. 1101-இல் அந்தக் குறியீடு இன்னும் இருக்கிறது, அங்கே அது அச்சு அச்சோடு ஒத்துப்போவதைச் சொல்கிறது.

ரன்அவுட்டில் மையம் தள்ளியதோடு வட்டத்தன்மைப் பிழையும் சேர்ந்து வரும். எனவே ஐ.எஸ்.ஓ. டிராயிங்கில் டயலை நீளம் முழுவதும் பல இடத்தில் வைத்துப் பார்த்த ரன்அவுட் அந்த அளவுக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. வெளியே போனால் மட்டும், பிழை மையத்திலா வட்டத்திலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சுழல்கிற ஜாபுக்கு நேராக ரன்அவுட்டே போடச் சொல்லி டிசைனரிடம் கேட்பது நல்லது.

ஸ்டாண்டர்ட் எதுவா இருந்தா என்ன, அளவு ஒண்ணு தானே?

ஒரு பின், டயா 19.98 முதல் 20.00, நீளம் 100. மைக்ரோமீட்டரில் எங்கே பார்த்தாலும் 19.99. ஆனால் 0.05 வளைந்திருக்கிறது. ஏ.எஸ்.எம்.இ. படி ரிஜெக்ட், 20.00 டயா கச்சிதமான உருளைக்குள் முழுப் பின்னும் அடங்க வேண்டும் என்பது அங்கே எழுதாமலே இருக்கும் விதி. ஐ.எஸ்.ஓ. 8015 படி சைஸ் வேறு, வடிவம் வேறு, சைஸ் ஓகே. ஐ.எஸ்.ஓ.வில் அடங்க வேண்டும் என்றால் அளவுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆங்கில E போட வேண்டும். டைட்டில் பிளாக்கில் ஸ்டாண்டர்ட் பெயர் இல்லாத டிராயிங் வந்தால் வேலையைத் தொடங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டேட்டம் பி-க்கு பக்கத்துலயும் எம் இருக்கு. அதையும் போனஸ்ல கூட்டிக்கலாமா?

கூட்டக் கூடாது. மேலே சொன்ன போனஸ் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனி. டேட்டத்தில் எம் இருந்தால், ஸ்பிகாட் சிறியதாக வந்த அளவுக்கு நான்கு துளைகளும் ஒரே கூட்டமாக ஒரு பக்கம் நகர்ந்துகொள்ளலாம். ஒரு துளையை வலப்பக்கமும் இன்னொன்றை இடப்பக்கமும் காப்பாற்ற அதைப் பயன்படுத்த முடியாது.

நம் ஸ்பிகாட் 130 ஜே6, அதாவது ப்ளஸ் 0.014, மைனஸ் 0.011. மொத்தமே 25 மைக்ரான். நகர்வுக்காக யாரும் அங்கே எம் போடுவதில்லை. கேஜுக்காகப் போடுகிறார்கள். எம் இருந்தால் கேஜில் 130.014-க்கு நிலையான ஒரு போர் போட்டால் போதும் (ஸ்பிகாட்டுக்கு முகத்தோடு பெர்பெண்டிகுலாரிட்டி கொடுத்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்). எம் இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்பிகாட்டையும் இறுகப் பிடித்து மையப்படுத்தும் அமைப்பு வேண்டும், கேஜ் விலை ஏறிவிடும்.

சிஎம்எம் ரிப்போர்ட் ஓகே, ஆனா கேஜ் ஏற மாட்டேங்குது. எதை நம்புறது?

முதலில் துளை வாயில் பர் (வெட்டும்போது நிற்கும் பிசிறு) இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். அடுத்து சிஎம்எம் (புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் மெஷின்) ஆபரேட்டரிடம் துளையை எத்தனை உயரத்தில் தொட்டார் என்று கேளுங்கள். ஒரே உயரத்தில் நான்கு புள்ளி தொட்டு வட்டமாக எடுத்திருந்தால், அந்த உயரத்தில் மையம் சரி என்பது மட்டும்தான் தெரியும். ட்ரில் சாய்ந்து இறங்கியிருந்தால் ரிப்போர்ட்டில் வராது, கேஜின் பின் கண்டுபிடித்துவிடும். இரண்டு மூன்று உயரத்தில் தொட்டு உருளையாக எடுக்கச் சொல்லுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் அலைன்மென்ட்டைப் பாருங்கள். முகத்தைத் தளமாக எடுத்து, அதற்குச் செங்குத்தாக ஸ்பிகாட்டின் மையத்தை எடுத்தாரா, அல்லது 3.5 மி.மீ. ஸ்பிகாட்டை உருளையாக அளந்து அதன் அச்சையே முதல் டேட்டமாக வைத்துவிட்டாரா? இரண்டாவதைச் செய்திருந்தால் ஏ, பி வரிசை புரோகிராமில் தலைகீழாகிவிட்டது. வரிசையைத் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். இத்தனைக்குப் பிறகும் சிஎம்எம் ஓகே என்றே சொன்னால், கேஜைக் கழற்றிக் கொண்டுபோய் அதன் நான்கு பின்களையும் அதே சிஎம்எம்மில் வைத்து அளந்து பாருங்கள். பல தடவை கீழே விழுந்த கேஜில் ஒரு பின் வளைந்திருக்கும்.